நல்ல தண்ணி என்று நான் சொன்னது

இப்போது எங்கள் துறையில் மீன் குடலில் இருக்கிற பாக்டீரியாவைத் தட்டில் வைத்து வளர்ப்பது குறைந்துவிட்டது. குடலில் ஒரு சிட்டிகை எடுத்துச் சின்னக் குப்பியில் அடைத்து, ஐஸ் பெட்டியில் வைத்து வெளியூருக்கு அனுப்பிவிடுகிறார்கள். சில நாள் கழித்துக் கம்ப்யூட்டருக்குப் பட்டியல் வருகிறது. இந்தக் குடலில் இன்னின்ன பாக்டீரியா இருக்கிறது, இது கூடுதல், இது கம்மி என்று வரிசையாகப் பெயர்கள். போன மாதம் ஓய்வூதியக் காகிதம் ஒன்றுக்காக அங்கே போயிருந்தேன். படிக்கிற பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு, மிஷின் இல்லாத காலத்தில் எப்படித் தேடினீர்கள், ஆண்டு மலரில் போடுகிறோம், எழுதிக் கொடுங்கள் என்றார்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக் கூட்டி எழுத நாள் பிடிக்கும் என்றேன். பிடிக்கட்டும் என்றார்கள். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளட்டும். நான் சொல்லாததைச் சேர்க்க வேண்டாம்.

நான் செல்லூர்க்காரி. வீட்டுக்காரர் விசைத்தறி ஓட்டினார். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி அவரால் முடியாமல் போனபோது, நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் இருக்கிற அந்தப் பெரிய பல்கலைக்கழக வளாகத்தில் கூட்டித் துடைக்கிற வேலைக்கு வந்தேன். மீன் ஆய்வுக்கூடத்தில் இருந்த உதவியாள் நின்றுவிட்டார். மீன் கழுவத் தெரிந்தவர் யார் என்று அந்தக் கூடத்துப் பேராசிரியர், எங்கள் சார், வந்து கேட்டார். நான் கையைத் தூக்கினேன். அயிரை மீனைக்கூட ஒன்று விடாமல் மண் போக உரசிக் கழுவுகிறவள் நான். அந்தப் பெருமையில் தூக்கிய கை.

முதல் நாள் சார் ஒரு தட்டில் கெண்டை ஒன்றை வைத்து, கழுவி வைங்க பாண்டியம்மா, வகுப்பு முடித்து வந்துவிடுகிறேன் என்று போனார். நான் செதில் உரசி, செவுள் எடுத்து, வயிற்றைக் கீறிக் குடலை வழித்துக் காகிதத்தில் போட்டு வெளியே பூனைக்கு வைத்தேன். கேண்டீனில் உப்பும் மஞ்சளும் கேட்டு வாங்கி மூன்று தண்ணி கழுவினேன். மீன் பளபளவென்று இருந்தது. சார் வந்து மீனைப் பார்த்தார். ஜன்னல் வழியாகப் பூனையைப் பார்த்தார்.

“எனக்கு வேண்டியத அது சாப்பிட்டுப் போயிடுச்சு. அதுக்கு வேண்டியத நீங்க எனக்கு வச்சிருக்கீங்க” என்றார்.

திட்டவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொல்லி விளக்கினார். நம் வயிற்றுக்குத் தயிர் செய்கிற நல்லதை மீன் குடலுக்குள்ளேயே இருந்து செய்கிற பாக்டீரியா உண்டு. பண்ணையில் நெருக்கமாக வளர்க்கும்போது மீனுக்குப் புண் நோய் வருகிறது. கடையில் வாங்கிய மருந்தைப் போட்டுப் போட்டு, நோய்க்கே அந்த மருந்து பழகிவிட்டது. மீன் குடலிலேயே நல்லதைத் தேடிப் பிடித்துத் தீவனத்தில் கலந்து கொடுத்தால் மருந்தைக் குறைக்கலாம். அதற்குக் குடல்தான் வேண்டும். கையில் மஞ்சள் வாடைகூட இருக்கக் கூடாது, மஞ்சள் கிருமியைக் கொல்லும் என்றார். நான் வீட்டில் மஞ்சள் பூசிக் குளிப்பதை அன்றோடு விட்டேன்.

அதன் பிறகு மூன்று நான்கு வருஷம் கற்றுக்கொண்டதிலேயே போனது. அதை நீட்டவில்லை. ஆனால் ஒரு மீனை எப்படித் திறப்போம் என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்போதைய பிள்ளைகளுக்கு அவசரம். மீனை ஒரு நாள் பட்டினி போடுவோம். பிறகு ஐஸ் தண்ணீரில் போட்டு அடக்குவோம். மேல் உடம்பை ஸ்பிரிட் பஞ்சால் தலையில் இருந்து வால் வரைக்கும் ஒரே திசையில் துடைக்க வேண்டும். முன்னும் பின்னும் தேய்த்தால் துடைத்த அழுக்கு திரும்ப ஏறும். கத்தரியை நெருப்பில் காட்டி ஆற விட்டு, வயிற்றில் தோல் மட்டும் வெட்டுப்பட நறுக்குவேன். இரண்டாவது கத்தரியால் குடலை எடுப்பேன். தோலைத் தொட்ட கத்தரி குடலைத் தொடக் கூடாது. எடை போட்டு, உப்புநீர் விட்டு, சின்னக் கல்வத்தில் அரைப்பேன். அம்மியில் அரைக்கிற மாதிரி இழுத்து அரைத்தால் பாக்டீரியா செத்துப்போகும், சுற்றி மெதுவாக அரைக்க வேண்டும். அரைத்ததில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு உப்புநீர். அதிலிருந்து ஒரு பங்கு எடுத்து மறுபடி ஒன்பது. இப்படி ஆறு சோதனைக் குழாய். கடைசிக் குழாயில் இருந்து தட்டில் ஒரு சொட்டு. தட்டில் இருப்பது கடற்பாசிக் கூழ். அதைக் காய்ச்சி ஊற்றுவது என் வேலை. ஊற்றிய தட்டை ஒரு நாள் சும்மா வைத்திருந்து பார்ப்பேன். பூசணம் தலைகாட்டினால் அந்தத் தட்டை மேஜைக்கே கொண்டுபோக மாட்டேன்.

எனக்கு இங்கிலீஷ் எழுத்து வராது. எண் தெரியும். குழாய்களில் ஒட்டுகிற சீட்டு குளிர்பெட்டி ஈரத்தில் கலங்கிப்போவதைப் பார்த்துவிட்டு நானே ஒரு வழி செய்தேன். செல்லூரில் தறிக்கூடத்தில் அறுந்துபோன கலர் நூல் கிடைக்கும். குழாயைக் காய்ச்சுவதற்கு முன்பே கழுத்தில் நூலைக் கட்டிவிடுவேன். நல்லதற்கு வெள்ளை நூல். நோய்க் கிருமிக்குச் சிவப்பு நூல். சந்தேகத்துக்குப் பச்சை. சார் முதலில் யோசித்தார். அவர் மதுரையிலேயே பிறந்த சௌராஷ்டிரா வீட்டுப் பிள்ளை, தாத்தா காலம் வரை வீட்டில் நெசவு. நூலை இரண்டு விரலில் வைத்து உருட்டிப் பார்த்து, சரி, இருக்கட்டும் என்றார். அன்றில் இருந்து படிக்கிறவர்கள் எல்லாரும் சீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் என் நூலைத்தான் பார்த்தார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது. பின்னால் அந்த நூல் மேலேயே சந்தேகம் வந்தது.

சாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் கத்த மாட்டார். ஏதாவது தப்பாகிவிட்டால் சம்பந்தப்பட்டவரை எதிரே உட்கார வைத்து, “முதல்ல இருந்து சொல்லுங்க” என்பார். கையை எப்போது கழுவினோம், எந்தத் துணியில் துடைத்தோம் என்பது வரை சொல்ல வேண்டும். வழக்கம் போல என்று சொன்னால் நிறுத்திவிடுவார். அந்த வார்த்தைக்குள்ளேதான் தப்பு ஒளிந்திருக்கும் என்பார். அவர் கத்தித் தொலைத்தால் தேவலாம் என்று எத்தனையோ பேர் வெளியே வந்து என்னிடம் அழுதிருக்கிறார்கள்.

ஒரு மழைக்காலம். சோழவந்தான் பக்கம் ஒரு கண்மாயில் மீன் எல்லாம் புண் வந்து செத்து மிதந்தது. சார் செத்ததைத் தொடவில்லை. சாகாமல் நீந்துகிற மீன் வேண்டும் என்றார். வலை போடுகிறவர்கள் சிரித்தார்கள். பதினொரு ரோகு கிடைத்தது, உடம்பில் ஒரு கீறல் இல்லாமல். அந்தப் பதினொரு குடலில் இருந்து தட்டில் புள்ளி புள்ளியாக வளர்ந்த பாக்டீரியாவை ஒவ்வொன்றாகப் பிரித்து, நோய்க் கிருமி பரப்பிய தட்டில் சின்னக் குழி வெட்டி ஊற்றிப் பார்த்தோம். நல்லதாக இருந்தால் குழியைச் சுற்றிக் கிருமி வளராமல் ஒரு வட்டம் தெளிவாக நிற்கும். நூற்றுக்கணக்கில் பார்த்தோம், வட்டம் இல்லை. கேரளத்தில் இருந்து ஆராய்ச்சிக்கு வந்த லிசி என்ற பெண் இந்த வேலையை நம்பித்தான் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தாள். தட்டைக் கையில் எடுக்கும்போதே அவள் முகம் சுருங்கும்.

ஒரு நாள் காலையில் நான் தட்டு வளர்க்கிற பெட்டியைத் திறந்து தட்டுகளை அடுக்கும்போது ஒன்றில் வட்டம் தெரிந்தது. எட்டணாக் காசு அகலம். என் கண்ணை நம்பாமல் ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன். பிறகுதான் லிசியைக் கூப்பிட்டேன். அந்த பாக்டீரியா பால் நிறத்தில் சின்னச் சின்னப் பொட்டாக வளரும், முகர்ந்தால் லேசாகத் தயிர் வாடை. அதற்கு அவர்கள் எழுத்தும் எண்ணும் சேர்த்து ஒரு பெயர் வைத்தார்கள். நான் தயிர்க்காரி என்றேன். கொஞ்ச நாளில் சாரே தயிர்க்காரி எப்படி இருக்கிறாள் என்று கேட்க ஆரம்பித்தார்.

பித்தநீரில் சாகிறதா, புளிப்பில் சாகிறதா, ஆட்டு ரத்தத் தட்டில் ரத்தத்தைக் கரைக்கிறதா, தொட்டி மீனுக்குக் கெடுதல் செய்கிறதா என்று எல்லாம் பார்க்கவே இரண்டு வருஷம். தொட்டியில் தயிர்க்காரி தின்ற மீன்கள் நோய்க்கு நின்றன. தின்னாத மீன்கள் நிற்கவில்லை. இனி உண்மையான குட்டையில் பார்க்க வேண்டும். அதற்கு ஒத்துக்கொண்டவர் செக்கானூரணிக்குத் தெற்கே இருந்த மாயாண்டி அண்ணன். விவசாயக் குடும்பம். கிணறு வற்றியபின் நிலத்தில் மூன்று பண்ணைக்குட்டை வெட்டி, போர்த் தண்ணீரை நிரப்பி மீன் விட்டிருந்தார். மழை முடிந்து குளிர் தொடங்கும்போது வருஷா வருஷம் புண் நோய் வரும். அவர் கடை மருந்தைப் போட்டு ஒருமாதிரிச் சமாளிப்பார். இந்த வருஷம் மருந்து போடாதீர்கள், தயிர்க்காரியை உலர்த்திச் செய்த எங்கள் பொடியை ஒரு குட்டைக்குக் கொடுங்கள், இன்னொன்றுக்கு ஒன்றும் கொடுக்காதீர்கள், மூன்றாவது குட்டையில் குஞ்சு சின்னது, அது அப்படியே இருக்கட்டும் என்று நாங்கள் கேட்டோம். அவர் சாரை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டார்.

லிசி பேசுவது மாயாண்டி அண்ணனுக்குப் பாதிதான் புரியும். அதனால் பொடி கொடுக்கப் போகும்போது என்னையும் கூட்டிப்போனார்கள். லிசி சொல்லச் சொல்ல நான் நம்ம ஊர்ப் பேச்சில் எடுத்துச் சொன்னேன். பொடியை எம்புட்டு எடுக்க வேண்டும், எத்தனை லிட்டர் தண்ணீர், அரை மணி நேரம் நிழலில் வைத்துத் தீவனத்தில் தெளிப்பது, வெயிலில் காய வைக்காமல் இருப்பது. அவர் மனைவி ஒச்சம்மா ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிக் காட்டினாள். திரும்பி வரும்போது லிசி என் கையைப் பிடித்துக்கொண்டு, அக்கா இல்லையென்றால் நான் என்ன செய்திருப்பேன் என்றாள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பஸ்ஸில் வந்தேன்.

மூன்றாவது வாரம் மாயாண்டி அண்ணன் போன் செய்தார். சார் போனைக் காதில் வைத்தபடியே உட்கார்ந்தார். இரண்டு குட்டையிலும் மீன் மிதக்கிறது, பொடி கொடுத்ததும் கொடுக்காததும் ஒன்றுபோலச் சாகிறது என்றார். மருந்தும் போடவிடாமல் செய்துவிட்டீர்களே என்றார்.

அன்று மத்தியானம் சார் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்தார். முதலில் லிசி. பொடி செய்வதற்கு முன்னால் பெரிய குடுவையில் வளர்க்க எந்தக் குழாயில் இருந்து எடுத்தாய் என்று கேட்டார். வெள்ளை நூல் குழாய் என்றாள். சீட்டைப் படித்தாயா என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“எழுத்து அழிஞ்சு மாஞ்சிருந்து சார். அக்காட நூல பாத்துதான் எடுத்தேன்” என்றாள்.

சார் என் பக்கம் திரும்பினார். நூல் சாயம் போகுமா என்றார். போகாது சார் என்றேன். அவர் ஒரு சிவப்பு நூலை அறுத்துக் கொதிக்கிற தண்ணீரில் போட்டார். மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் லேசாகச் சிவந்தது. சிவப்பு நூல் குழாயும் வெள்ளை நூல் குழாயும் ஒரே அழுத்தக் கொப்பரையில்தான் வேகும். வெள்ளையில் சாயம் ஏறி, சிவப்பு வெளுத்து, ஒன்றை இன்னொன்றாக நினைத்து எடுத்திருந்தால் மாயாண்டி அண்ணன் குட்டைக்கு நாங்கள் அனுப்பியது நல்லது அல்ல. நோயையே பொட்டலம் கட்டிக் கொடுத்திருக்கிறோம்.

முதல்ல இருந்து சொல்லுங்க என்றார். நான் சொன்னேன். கை கழுவியது, நூல் கட்டியது, கொப்பரையை மூடியது, அழுத்தம் எத்தனை நிமிஷம், எந்த அலமாரி, எந்தத் தட்டு. ஒன்றுகூட விடவில்லை. சொல்லி முடித்தபோது முந்தானை ஈரமாக இருந்தது.

மிச்சப் பொடியில் கொஞ்சம் கரைத்துத் தட்டில் போடச் சொன்னார். மஞ்சள் புள்ளி வந்தால் நோய். பால் பொட்டு வந்தால் தயிர்க்காரி. இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் நான் சோறு தின்றேனா என்று எனக்கு நினைவில்லை. தறிக்கூடத்துச் சத்தம் அடங்காத எங்கள் சந்தில் யாராவது சிவப்புச் சேலை கட்டிக்கொண்டு போனால்கூட நெஞ்சு அடித்துக்கொண்டது. தட்டுப் பெட்டியை நேரம் வருவதற்கு முன்னால் திறக்கக் கூடாது. நான் அதன் முன்னால் போய் நின்று கதவில் கை வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன், பல முறை.

வந்தது பால் பொட்டு. எல்லாத் தட்டிலும். உயிரோடு, திடமாக. லிசி என்னைக் கட்டிக்கொண்டாள். சார் என்னிடம், கேட்க வேண்டியிருந்தது பாண்டியம்மா, தப்பாக நினைக்காதீர்கள் என்றார். அவ்வளவு பெரிய மனிதர் அப்படிச் சொன்னதில் எனக்குக் கண் கலங்கியது. ஆனால் சந்தோஷம் அன்று சாயங்காலம் வரைகூட நிற்கவில்லை. பொடி சரி என்றால் மீன் ஏன் சாகிறது. சார் தன் நோட்டில் ஏதோ எழுதினார். லிசியிடம் அதைப் படிக்கச் சொன்னார். தொட்டியில் வேலை செய்கிறது, குட்டையில் செய்யவில்லை, இந்த பாக்டீரியாவை விட்டுவிட வேண்டியதுதான் என்று எழுதியிருந்ததாக அவள் எனக்குச் சொன்னாள். அவளுடைய நான்கு வருஷம் அந்த ஒரு வரியில் போனது. மூன்றாவது குட்டையிலும் இரண்டு மீன் மிதந்ததாகச் சேதி வந்தது.

செத்த மீன் எடுத்துவர லிசியும் நானும் போனோம். மாயாண்டி அண்ணன் வரப்பில் செத்த மீனைக் குவித்து வைத்திருந்தார். ஒவ்வொன்றின் விலாவிலும் காசு அளவுக்குச் சிவந்த புண். வேலை முடிந்து, வெயில் தாங்காமல் ஒச்சம்மாவிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டேன். சொம்பை வாய்க்குக் கொண்டுபோனதும் பிளீச்சிங் பவுடர் நெடி மூக்கில் ஏறியது.

“மூக்கப் பிடிச்சிக்கிட்டுக் குடிங்கக்கா. மழைக்குக் காச்ச பரவுதுன்னு டேங்குல அள்ளி அள்ளிக் கொட்டுறாக” என்றாள். பிறகு தணிந்த குரலில், “இதத்தான் மீன் பொடி கரைக்கவும் ஊத்துனோம். ரெண்டு நாளைக்கு ஒருக்காத்தான் குழா வரும். நாங்க குடிக்கிறதக் குறைச்சிக்கிட்டு, நாலு கொடம் மீனுக்குன்னு தனியா வச்சோம். நல்ல தண்ணின்னு நீங்க சொன்னீகள்ல” என்றாள்.

சொம்பு என் கையில் இருந்தது. லிசி அன்றைக்குச் சொன்னது க்ளீன் வாட்டர். நான் அதைச் சொன்னது நல்ல தண்ணி என்று. மதுரையைச் சுற்றி எந்த வீட்டில் கேட்டாலும் நல்ல தண்ணி என்றால் குழாயில் வருகிற குடிதண்ணீர்தான். போர்த் தண்ணீர் உப்புத் தண்ணி. என் வீட்டிலும் நல்ல தண்ணிக் குடம் தனி, உப்புத் தண்ணிக் குடம் தனி. பிளீச்சிங் பவுடர் எதற்குப் போடுகிறார்கள். கிருமியைக் கொல்லத்தான். தயிர்க்காரி அந்தக் குடத்திலேயே செத்துப்போயிருக்கிறாள். மூன்று வாரமாக மீன்கள் தின்றது செத்ததைத்தான்.

ஒரு பாட்டிலில் அந்தத் தண்ணீரை ஊற்றித் தரச் சொன்னேன். எதற்கு என்று ஒச்சம்மா கேட்கவில்லை. பஸ்ஸில் லிசி ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தாள். அவளிடம் நான் சொல்லவில்லை. அதை மறைத்து எழுத மாட்டேன். என் நிரந்தர வேலைக்கான காகிதம் அப்போது சார் மேஜையில் அவர் கையெழுத்துக்காக இருந்தது. எத்தனையோ வருஷம் தற்காலிகமாக இருந்து வந்த காகிதம். வீட்டுக்காரர் படுக்கையில். இரண்டு நாளுக்கு முன்னால்தான் சார் என்னிடம் தப்பாக நினைக்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறார். நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. தயிர்க்காரி குட்டையில் வேலை செய்யவில்லை என்று போய்விடும். என் மேல் ஒரு சொல் வராது. பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கிச் செல்லூர் வண்டி ஏறும் வரை பையில் இருந்த பாட்டில் இடுப்பில் இடித்துக்கொண்டே இருந்தது.

மறுநாள் சார் வருவதற்கு முன்பே அவர் அறை வாசலில் நின்றேன். பாட்டிலை மேஜையில் வைத்தேன்.

“சார், அன்னிக்கு நீங்க கேட்டப்ப கை செஞ்சதப் பூராம் சொன்னேன். வாய் சொன்னதச் சொல்லல.”

“என்ன சொன்னீங்க? அதே வார்த்தையா சொல்லுங்க.”

“நல்ல தண்ணில கலக்குங்கண்ணேன்னு சொன்னேன் சார்.”

அவர் ஒரு நொடிதான் யோசித்தார். மதுரைக்காரர். பாட்டில் மூடியைத் திறந்து முகர்ந்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். கடைசியில், “எங்க வீட்லயும் நல்ல தண்ணின்னா குழாத் தண்ணிதான்” என்றார். பிறகு, “தட்டு எத்தனை ஊத்தி வச்சிருக்கீங்க?” என்று கேட்டார்.

பொடியை மூன்றாகப் பிரித்தோம். ஒன்று ஆய்வுக்கூடத்துத் தண்ணீரில். ஒன்று மாயாண்டி அண்ணன் போர்த் தண்ணீரில். அதையும் அவரிடம் கேட்டு வாங்கிக் காய்ச்சி ஆற வைத்திருந்தோம். ஒன்று ஒச்சம்மாவின் குடத்துத் தண்ணீரில். அரை மணி வைத்துத் தட்டில் போட்டோம். இரண்டு நாள் கழிந்து எடுத்தபோது முதல் இரண்டு தட்டிலும் பால் பொட்டு கொப்பளித்துக் கிடந்தது. மூன்றாவது தட்டு நான் ஊற்றி வைத்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. ஒரு புள்ளி இல்லை.

சார் அன்றே மாயாண்டி அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினார். என்னைக் கூப்பிடவில்லை. நானாகத்தான் வண்டியில் ஏறினேன். அங்கே களத்தில் நின்றபடியே சார், தப்பு எங்கள் மேல், தண்ணீர் விஷயத்தை நாங்கள் சரியாகச் சொல்லவில்லை என்றார். நாங்கள் என்று அவர் சொன்னது என் மேல் படாமல் இருக்கத்தான். எனக்கு அது பொறுக்கவில்லை.

“சார் இல்லண்ணே. நான் சொன்னேன். நல்ல தண்ணின்னு சொன்ன வாயி இது” என்றேன்.

மாயாண்டி அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவருடைய இரண்டு குட்டை மீன் போய்விட்டது. அதை யாரும் திருப்பித் தர முடியாது. கடை மருந்து வாங்கி வந்து வைத்திருந்தார், மூன்றாவது குட்டைக்கு அன்று சாயங்காலம் போடுவதாக இருந்தது. சார் அதைத் தடுக்கவில்லை. உங்கள் இஷ்டம் என்றார். ஒச்சம்மாதான் நடுவில் வந்தாள்.

“நல்ல தண்ணின்னா நல்ல தண்ணிதான. வேற எதத் தூக்கிட்டு வருவோம்? அந்த அக்கா பொய்யா சொன்னாக?” என்றாள் புருஷனிடம்.

அவர் குட்டைப் பக்கம் திரும்பினார். “பத்து நாள் பாக்குறேன்” என்றார் கடைசியில். “ஆனா நீயே வந்து கலக்கணும் தாயி. நான் தொடமாட்டேன். செத்துச்சுன்னா ஒம் பேரத்தான் ஊருக்குள்ள சொல்லுவேன்.”

சொல்லுங்கள் என்றேன். மறுநாளில் இருந்து முதல் பஸ். செக்கானூரணியில் இறங்கி நடந்துபோய், பொடியை உப்புத் தண்ணீரில் கரைத்து, அரை மணி வேப்ப நிழலில் உட்கார்ந்திருந்து, தீவனத்தில் தெளித்து, உலர்ந்ததும் வீசிவிட்டு, திரும்பி ஆய்வுக்கூடத்துக்கு. ஒச்சம்மா தினமும் என்னைக் கண்டதும், “வந்துட்டாக மருந்துக்காரி. இன்னிக்கு என்ன தண்ணிக்கா, நல்லதா கெட்டதா?” என்பாள். நான் சிரிப்பேன். ஆனால் கண் குட்டையின் ஓரத்தைத்தான் தேடும். நாலாம் நாள் மூன்று மீன் மல்லாந்து கிடந்தது. ஐந்தாம் நாள் இரண்டு. ஏழாம் நாள் மறுபடி மூன்று. அன்று மாயாண்டி அண்ணன் கடை மருந்து டப்பாவை எடுத்து வந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். நான் அதைத் தொடாமல் தீவனத்தைக் கலக்கினேன். எட்டாம் நாள் ஒன்று. ஒன்பதாம் நாள் தண்ணீர் மேல் ஒன்றும் இல்லை. ஓரத்தில் எங்காவது புல்லுக்குள் ஒதுங்கியிருக்கும் என்று சுற்றிச் சுற்றி வந்தேன். பத்தாம் நாளும் இல்லை. மருந்து டப்பாவை அவரே எடுத்துப் போனார். இன்னும் கொஞ்ச நாள் வா என்றார்.

நடுவில் ஐந்து மீனைப் பிடித்துக் குடலைத் திறந்தோம். நான்கில் தயிர்க்காரி இருந்தாள். லிசி தட்டை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. சார் மட்டும், ஒரு குட்டை தப்பித்ததை வைத்து எதுவும் முடிவாகச் சொல்ல முடியாது, நோயே தானாக ஓய்ந்திருக்கலாம், அடுத்த வருஷம் இன்னும் பத்துக் குட்டையில் பார்க்க வேண்டும் என்றார். அப்படியே பிறகு பார்த்தோம். சிலவற்றில் நின்றது, சிலவற்றில் நிற்கவில்லை. அந்தக் கணக்கை லிசி எழுதியிருக்கிறாள், படிக்கத் தெரிந்தவர்கள் படித்துக்கொள்ளலாம். நிரந்தரக் காகிதத்தில் சார் எப்போது கையெழுத்துப் போட்டார் என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் அலுவலகத்தில் இருந்து கூப்பிட்டுக் கொடுத்தார்கள்.

மூன்றாவது குட்டையில் மீன் பிடிக்கிற அன்று மாயாண்டி அண்ணன் ஆள் விட்டுக் கூப்பிட்டார். போகவா வேண்டாமா என்று இருந்தது. மேலே மிதக்காதது உள்ளே எப்படி இருக்கிறதோ. ஆறு பேர் வலையை இரண்டு பக்கமும் பிடித்துக் கரையோரம் இழுத்து வந்தார்கள். தண்ணீர் கொதிக்கிற மாதிரி துள்ளியது. நான் பார்க்க முடியாமல் வேப்ப மரத்துப் பக்கம் திரும்பி நின்றேன்.

“பாண்டியம்மா, இங்கிட்டு வா” என்றார்.

போனேன். அவர் முழங்கால் தண்ணீரில் நின்றபடி ஒரு ரோகுவைத் தூக்கினார். வாலைப் பிடித்து ஒரு பக்கம் காட்டினார். புரட்டி மறு பக்கம் காட்டினார். விலாவில் செதில் எல்லாம் அப்படியே இருந்தது. கூடையில் போட்டார். அடுத்ததை எடுத்தார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். கூடை. அடுத்ததில் பழைய புண் ஆறித் தோல் மூடிய தழும்பு ஒன்று இருந்தது. அதன் மேல் கட்டைவிரலை வைத்துத் தேய்த்துக் காட்டினார். இப்படி எத்தனை காட்டினார் என்று நான் எண்ணவில்லை. வலை இழுத்தவர்கள் நேரமாகிறது என்று முணுமுணுத்தார்கள்.

“போதும்ணே” என்றேன்.

“இரு, இன்னம் கெடக்கு” என்று அடுத்த மீனுக்குக் குனிந்தார்.